இலக்கத் தகடு இல்லாதது

பஞ்சவர்ணக்கிளி என்றுதான் சொல்கிறார்கள்.
நான் எண்ணிப் பார்த்தேன், ஏழு.
நெஞ்சில் இருப்பதற்கு எனக்குப் பெயர் வரவில்லை.
பாதி பழுத்த பப்பாசியை
வெயிலுக்குப் பிடித்தால் வருகிற நிறம்.

உட்துறைமுக வீதியில் என் கடை.
கிண்ணியா, சல்லி, குச்சவெளி,
எங்கிருந்து வருகிற வள்ளத்து என்ஜினையும்
மூடி கழற்றாமல் சொல்லிவிடுவேன்
என்ன மொடல், எந்த வருடம், யார் கையில் கெட்டது என்று.
தகடு தேய்ந்திருந்தாலும்
இருமல் சொல்லிவிடும்.

செரீன் பார்தலோட் மெல்பேர்ன் போகுமுன்
கூட்டோடு கொண்டுவந்து இறக்கினார்.
"பேர் டார்லிங். கச்சான் கொடு, கொச்சிக்காய் கொடு,
ஆனைக்கொய்யா மட்டும் கொடுத்துவிடாதே, செத்துப்போகும்.
என்ன இனம் என்று கேட்காதே, எனக்கும் தெரியாது."
காலில் ஒரு வளையம்.
மிஞ்சியிருந்தது ஒரு மூன்று,
பக்கத்தில் எட்டோ பூச்சியமோ.

பற்றுச்சீட்டுப் புத்தகம் இரண்டைத் தின்றது.
கோட்டை மான் ஒன்று
வாழைப்பழத்தோலுக்கு வாசலில் நின்றால்
"டார்லிங்" என்று அதைத் துரத்தியது.

வைகாசி முழுவதும் நான் அதன் கன்னத்தைப் படித்தேன்.
வெள்ளைத் தோலில் பொடி இறகுகளின் கோடுகள்,
கணக்குக் கொப்பியின் ஓரத்தில்
பிள்ளை கீறி விளையாடியதுபோல.
நீலமஞ்சள் என்றால் கோடு கறுப்பு.
முழுச்சிவப்பு என்றால் கோடே இல்லாத மாதிரி, வெறுந்தாள்.
செட்டையில் பச்சைப்பட்டி உள்ள சிவப்பு என்றால்
கோடும் சிவப்பு.
இதற்கோ
கண்ணுக்குக் கீழே கறுப்பாகத் தொடங்கி
அலகை நெருங்க நெருங்கக்
காய்ந்த இரத்தம்.

வால் அவ்வளவு நீளமில்லை. அலகு கனம்.
நாங்கள் சுத்தியல் தேடுகிற நேரத்துக்குள்
கொட்டங்காயைப் பிளந்து
பருப்பை நாக்கால் உருட்டி எடுத்துவிடும்.
அப்படியானால் முழுச்சிவப்பின் பிள்ளை இல்லை.
ஒரு பக்கம் நீலமஞ்சள், மறுபக்கம் பச்சைச்செட்டை.
எது தாய், எது தகப்பன்?
அது கன்னத்தில் இல்லை.

குருவி விற்கிற நளீர் வந்து பார்த்தான்.
"ஹார்லிகுவின்தான், சந்தேகமில்லை.
ஆனால் கலப்பென்று வாயால் சொல்லாதேங்க காக்கா,
அபூர்வம் என்று சொல்லுங்க.
அந்த ஒரு சொல்லுக்கு ஐம்பதாயிரம் வித்தியாசம்."

சந்தமாலி உள்ளே சிரித்தது கேட்டது.
எங்கள் மகளின் பிறப்புச் சான்றிதழில்
தகப்பனின் இனத்துக்கு ஒரு பெட்டி,
தாயின் இனத்துக்கு ஒரு பெட்டி.
அவளுக்கென்று ஒன்றுமில்லை.
விடியப்புறமே எழும்பி
இரண்டு மொழியிலும் சண்டைபிடிக்கிறாள்.

மாரி வந்தது. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன.
கடையும் படுத்துவிட்டது.
வத்தளையிலிருந்து ஒருவர் காரில் வந்தார்,
வீட்டில் நீலமஞ்சள் பேடு ஒன்று துணையில்லாமல் நிற்கிறதாம்.
செட்டையைப் பூப்போலத் தூக்கினார்.
அடியில் மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை,
அந்தப் பப்பாசி.

"மிக்ஸ்," என்றார். கோபமில்லை.
"இதிலிருந்து குஞ்சு எடுத்தால்
பிறகு என்னவென்று ஒருவராலும் சொல்லமுடியாது."
கைக்குட்டையில் விரல்களைத் துடைத்தார்.
டார்லிங்கின் வெள்ளைக் கன்னம்
மெல்ல மெல்லச் சிவந்தது.
ரோசமோ, வேறெதுவோ.
எனக்கும் காது சுட்டது.

அவர் கார்க்கதவில் கைவைத்தபோது
பின்னால் யாரோ கயிறு இழுக்கிற சத்தம்.
ஒருமுறை. இரண்டாம் முறை ஒரு இருமல்.
மூன்றாம் இழுவையில் பற்றிக்கொண்டு
டபடபவென்று நின்று எரிந்தது.
திரும்பிக் கடலைப் பார்த்தார்.
கடலில் ஒரு வள்ளமும் இல்லை.

"இது என்ன என்ஜின்?"

"எண்பத்தேழாம் ஆண்டு யமஹா. எட்டுக் குதிரை.
காபரேட்டருக்குள் கொஞ்சம் தண்ணீர்.
சல்லிக் கதிர்காமத்தம்பியுடையது," என்றேன்.
"மூன்று வருடமாகிறது,
பழைய இரும்புக்குப் போய்."